‘ஓடிப்போனாள்’ என்று சொன்னது யார்?

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒன்பது நாள் வேலையாக அபுதாபியின் மேற்கே இருக்கும் ருவைஸுக்குப் போனேன். ஆலையில் எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

2. போகும்போது கைப்பேசியில் நான்கு பக்க வாக்குமூலம் ஒன்றும் இருந்தது. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வது போல் எழுதப்பட்டது. அது உண்மைதானா என்று நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

3. அந்த நான்கு பக்கங்களில் ஆறு இடங்களில் எனக்குச் சந்தேகம் வந்தது.

4. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஐந்து சந்தேகங்கள் சரி. ஆறாவதற்காக வெட்கப்பட்டேன்.

5. நான் சந்தேகப்படாத ஏழாவது இடம் ஒன்று இருந்தது. அந்தப் பிழை என்னுடையது.

வரச் சொன்னவள் ஹேமா. திருச்சியில் ஜெராக்ஸ் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழு பெண்கள். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஹேமாதான் எங்கள் நூலின் பதிப்பாசிரியர். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்ன பழைய நூல்களிலிருந்து சில பகுதிகளை இரண்டு வருடமாகத் தமிழாக்கம் செய்கிறோம். நான் இரண்டு அத்தியாயம் மொழிபெயர்த்தேன். முழு நூலுக்கும் பிழைதிருத்தமும், ஒரே சொல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு.

அந்தப் பழைய நூல்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் தன் கதையைத் தொடங்குமுன், மதிப்புள்ள வெள்ளைக்கார கனவான் யாராவது கடிதம் கொடுத்திருப்பார்: இவளை எனக்குத் தெரியும், இவள் சொல்வது மெய். அந்தக் கனவான்களுக்காக அவள் எதை எல்லாம் கூட்டிச் சொன்னாள், எதைச் சொல்லாமல் விழுங்கினாள் என்று பிற்காலத்தில் கறுப்பினப் பெண்ணிய அறிஞர்கள் கேட்டார்கள். எங்கள் வட்டத்தில் அதைப் பற்றி மூன்று சனிக்கிழமை பேசியிருக்கிறோம். அதற்குப் பிறகும் ஹேமா, நூலின் கடைசியில் இன்றைய குரல் ஒன்று வேண்டும் என்று அந்த நான்கு பக்கங்களைக் கொண்டுவந்தாள்.

“அதுவும் இதுவும் ஒண்ணு இல்லையே” என்றேன்.

“ஒண்ணுன்னு யார் சொன்னா? பக்கத்துல வைக்கலாம்னு சொல்றேன். நீ ருவைஸ் போறேல்ல, பாத்துட்டு ரெண்டு பத்தி எழுதிக் கொடு, ‘நான் சந்தித்தேன், உண்மை’ன்னு.”

“அப்ப அந்தக் கனவான் வேலை எனக்கா?”

“உன்னை மாதிரி சந்தேகப் பிராணி வேற யாரு இருக்கா நமக்கு?”

ருவைஸில் முதல் மூன்று நாள் ஆலை, விருந்தினர் விடுதி, ஆலை. சாலைகள் எல்லாம் கோடு போட்டது போல நேராக இருக்கும். திருச்சியில் நேராகப் போனால் எதிலாவது முட்டுவோம். இங்கே எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருக்கலாம் என்பதே எனக்கு அவநம்பிக்கை தந்தது. என் வேலையில் ஒவ்வொரு கருவியின் மேலும் ஒரு வில்லை ஒட்டியிருக்கும்: யார் அளந்தது, எதை வைத்து அளந்தது, அடுத்து எப்போது. வில்லை இல்லாத கருவி பச்சை விளக்கு காட்டினாலும் நான் நம்புவதில்லை.

சாப்பாடு பரவாயில்லை. விடுதிக்கு எதிரே இருந்த உணவகத்தில் சாம்பார் இனித்தது. “கர்நாடகா ஆளா சமையல்?” என்று கேட்டேன். “இல்ல மேடம், நேபாளி” என்றார் பரிமாறியவர். அதன் பிறகு பரோட்டாவுக்கும் ஏலக்காய் போட்ட கரக் சாயாவுக்கும் மாறிக்கொண்டேன். அங்கே பக்கத்து மேசையில் இரண்டு ஓட்டுநர்கள் உருதுவில் பேசியது காதில் விழுந்தது. கபீல் என்றால் விசா கொடுத்து வரவழைத்த முதலாளி.

“உன் கபீல் லீவு கொடுத்தாரா, பாய்?”

“கொடுத்துட்டாரு. தேதிதான் கொடுக்கல.”

இருவரும் சிரித்தார்கள். நான் அறைக்குப் போய் நான்கு பக்கங்களையும் மறுபடி படித்து, சந்தேகங்களை எழுதினேன். முதல் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியால் சுட்டது இடது கையில். மூன்றாம் பக்கத்தில் வலது கையில். எட்டாம் வகுப்பு படித்தவர் ‘மனிதாபிமானமற்ற’ என்கிறார். நள்ளிரவில் சுவர் ஏறிக் குதிக்கிறார், ஆனால் சுவர் எவ்வளவு உயரம் என்று இல்லை. அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் பெயர் என்ன, ஒன்றும் இல்லை. மூன்று வருடம் சமைத்த பெண், நான்கு பக்கத்தில் ஒரு சாப்பாட்டைக்கூடச் சொல்லவில்லை. கடைசியாக, தொடர்புக்கு என்று கொடுத்திருந்த எண் ஓர் ஆணுடையது.

வியாழக்கிழமை அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் பாஸ்கர், பெரம்பலூர்க்காரர், ஒரு தொழிலாளர் கேம்ப்பில் மேற்பார்வையாளர். சிக்கலில் மாட்டியவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர் என்று ஹேமா சொல்லியிருந்தாள்.

“வாங்க மேடம், ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி இல்ல. அக்கா இங்கதான் இருக்கும்.”

“நான் அவங்கள தனியா பாக்கணும்.”

“பாக்கலாமே. ஆனா நானும் இருப்பேன்.”

இதையும் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஒரு கார் லிஃப்ட்டில் போனேன். யாருடைய சொந்தக் காரிலாவது பயணிகளாகச் சேர்ந்து போவதற்கு இங்கே அப்படிப் பெயர். ஓட்டியவர் ராமநாதபுரம். பாதி வழியில் தூரத்தில் போலீஸ் வண்டியைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்.

“சிஸ்டர், நிறுத்திக் கேட்டா நான் உங்க மாமா பையன்னு சொல்லுங்க. இது டாக்ஸி இல்ல பாருங்க.”

“எந்த மாமா?”

“ஒங்களுக்கு எத்தன மாமா?”

“மூணு. மூணு பேருக்கும் பொண்ணுதான்.”

“அப்ப சின்னம்மா பையன். யல்லா, சிரிச்ச மாதிரி இருங்க.”

யாரும் நிறுத்தவில்லை. ஆனாலும் அவர் என்னை இறக்கியது தவறான கட்டடத்தில். அதே எண் கொண்ட இன்னொரு கட்டடம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் வெயிலில் நடந்தேன். அந்த இடத்தின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன்.

கதவுக்கு வெளியே நடையில் கயிறு கட்டி ஆண்களின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணினேன். பதினொன்று. கதவைத் திறந்தது பாஸ்கர், முப்பது முப்பத்திரண்டு வயது, பனியன், தோளில் துண்டு. உள்ளே அடுப்பில் மீன் குழம்பு. ஆணின் எண் பற்றிய ஆறாவது சந்தேகம் உறுதியாயிற்று என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் என்ன சொன்னது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்: ஓ, விஷயம் இதுதானா.

விஷயம் அதுவல்ல. அது பதினொரு பேர் தங்கியிருக்கும் மெஸ். நான் பார்க்க வந்த பெண் அங்கே சமைக்கிறார். எதிர்க் கதவில் இருக்கும் இலங்கைக் குடும்பத்தோடு தங்குகிறார். பாஸ்கர் பதினொருவரில் ஒருவர்.

அடுப்படியில் நின்ற அந்தப் பெண் என்னை உட்காரச் சொல்லவில்லை. “நீ யாரு அனுப்புன ஆளு? ஏஜென்ட்டா?” என்றார்.

“இல்லக்கா. திருச்சிலேருந்து வர்றேன்.”

“எல்லாரும் எங்கிருந்தாவதுதான் வர்றாக. பாஸ்போர்ட்டைக் காட்டு.”

காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். என் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விசா பக்கத்தைப் பார்த்தார். பிறகு வெறும் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு, அட்டையைக் கட்டைவிரலால் தடவினார். “ஓங்கிட்டயே இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். அவருடையதை அவர் கடைசியாகத் தொட்டது விமான நிலையத்தில்.

“என்ன பேரு போடுவ எனக்கு?”

“நீங்களே சொல்லுங்க.”

“மல்லிகான்னு போடு. எங்கூடப் படிச்சவ. தெரிஞ்சா என்னைக் கொன்னுபுடுவா.”

வாக்குமூலத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். சுவர் ஏறிக் குதித்த இடத்தில் கரண்டியோடு திரும்பினார்.

“யாரு, நானா? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா? செவரு தாங்குமாடா பாஸ்கரு?”

“அக்கா, அது ஒரு எஃபெக்ட்டுக்கு...”

“இஸ்திரிப் பெட்டி?” என்று கேட்டேன். “எந்தக் கை?”

இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். தாளித்தபோது தெறித்த எண்ணெய்ப் பொட்டுகள் மட்டும்தான். “அந்த அம்மா என்னைத் தொட்டதுகூட இல்ல. சத்தம் போட்டுப் பேசாது. அடிச்சிருந்தா ஒரு தழும்பாவது இருக்கும், இந்தா பாருங்கன்னு காட்டலாம். ‘அடுத்த மாசம் போகலாம்’னு ஒரு வருசமாச் சொன்னத எங்க காட்டுறது?”

பாஸ்கரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அடிக்கலைன்னு எழுதினா யாரும் ரெண்டாவது பக்கம் திருப்ப மாட்டாங்க மேடம். நான் எத்தனை மனு எழுதியிருக்கேன். லீவு தரல, பாஸ்போர்ட் தரலன்னு எழுதினா, ‘இது எல்லாருக்கும் உள்ளதுதானே’ன்னு வச்சிருவாங்க.”

“யாராவது டாக்டரை வச்சுப் பாத்தா? கையில ஒண்ணும் இல்லேன்னா மத்ததும் பொய்யாயிடும்.”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். “இதையேதான் மனுவிலயும் எழுதியிருக்கேன், இன்னும் கொடுக்கல. மாத்திடலாம்” என்றார். அவர் மேல் எனக்கு இருந்த சந்தேகம் போய்விடவில்லை. அது வேறு வகையாக மாறியது. கெட்டவரல்லர். நல்லெண்ணத்தோடு அளவைக் கூட்டிக் காட்டும் கருவி.

மல்லிகா தன் கதையைச் சொல்லத் தொடங்கியதும் என் ஐந்தாவது சந்தேகமும் தீர்ந்தது. எல்லாமே சாப்பாடுதான். நான்கு பிள்ளைகள், மூத்தவனுக்கு முட்டை ஆகாது, சின்னவள் தயிர் இல்லாமல் சோறு தொடமாட்டாள். அந்த வீட்டு அம்மாவுக்கு நம் ரசம் பிடித்துப்போய், சளி பிடித்தால் கேட்டு வாங்கிக் குடிப்பாராம். இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்ததும் ஊருக்குப் போகக் கேட்டார். நோன்பு முடியட்டும் என்றார்கள். பிறகு பள்ளி விடுமுறை வரட்டும். பிறகு விருந்தினர் போகட்டும். நடுவில் புதுக்கோட்டைப் பக்கம் அவர் ஊரில் மகள் பெரியவளானாள். சடங்குக்கு அம்மா போகவில்லை. மகளிடம் பேசிய அன்றே, அழுதுகொண்டே சமைக்கிறாள் என்று கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“அதுக்கப்புறம் ஒரு நாள் காலைல பத்து மணி. குப்பையப் போட வெளிய போனேன். தொட்டியில போட்டேன். திரும்பல. நேரா நடந்தேன்.”

“குப்பையப் போட்டுட்டா?”

“பின்ன? குப்பையக் கையில வச்சுக்கிட்டா நடப்பாக?”

இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார். வழியில் ஒரு பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், மலையாளி ஒருவர் தண்ணீர் கொடுத்து யாரிடமோ சொல்லி, அந்த யாரோ பாஸ்கரிடம் சொல்லியிருக்கிறார்.

நான் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, “கடைசியா தலைப்பை மட்டும் படிச்சிடறேன்” என்றேன். “‘ஓடிப்போனவள்.’”

மல்லிகா அடுப்பை அணைத்தார்.

“அத யாரு எழுதுனது?”

பாஸ்கர் உடனே, “நான் இல்லக்கா. நான் ‘வெளியேறினேன்’னுதான் எழுதிக் கொடுத்தேன்” என்றார்.

உண்மை. அவர் கொடுத்த படியில் ‘வீட்டை விட்டு வெளியேறினேன்’ என்றுதான் இருந்தது. அரசாங்கக் கடிதம் போல இருக்கிறதே என்று நான்தான் மாற்றினேன். எங்கள் நூல் முழுக்க, எசமானரிடமிருந்து தப்பிய பெண்களுக்கு ‘ஓடிப்போனவள்’ என்பது நான் தேர்ந்தெடுத்த சொல். பேச்சு வழக்கில் இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று வட்டத்தில் வாதாடி வாங்கிய சொல். ஒரே சொல் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காக இந்த நான்கு பக்கங்களிலும் போட்டேன். அடுத்தவர்களின் கை எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்தவள், என் கை பட்ட இடத்தைப் பார்க்கவே இல்லை.

“நான்தான்க்கா.”

“நீ தமிழ்ப் பொண்ணுதானே? ஊர்ல ஒரு பொம்பள ஓடிப்போயிட்டான்னா என்ன அர்த்தம்?”

கைப்பேசித் திரையை அணைத்தேன்.

“அந்த வீட்டுக்காரக போலீஸ்ல ‘அப்ஸ்காண்டிங்’னு எழுதிக் கொடுத்தாக. ஏஜென்ட்டு அதத் தமிழ்ல மாத்தி எங்க வீட்டுக்கு போன் போட்டான். ஒங்க வீட்டுப் பொம்பள ஓடிப்போயிட்டா. எம்மாமியா கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? ‘யாரோட?’”

பாஸ்கர் எழுந்து நடைப்பக்கம் போனார்.

“எம்மவகிட்டயும் அதத்தான் சொல்லியிருக்காக. பதினஞ்சு வயசு. ஆஸ்டல்ல போட்டுட்டாக. நாம்பேசினா வார்டன்கிட்ட போனக் குடுத்துட்டுப் போயிருது. சடங்குக்கு வராதவ, இப்ப எவனோடயோ போயிட்டான்னு நெனச்சுக்கிட்டிருக்கு. நீ வேற அதப் புஸ்தகமாப் போட்டுக் கொண்டுபோய்க் குடு.”

வாசலில் பதினொரு சட்டைகளை எண்ணியவள் நான். மாமியார் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டேன்; வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“தப்பி வந்தவள்னு போடலாமா?” என்றேன்.

“தப்புப் பண்ணுன மாதிரி இருக்கு.”

“அப்ப நீங்க எப்படிச் சொல்வீங்க?”

“என்னத்தச் சொல்றது? வந்துட்டேன். அம்புட்டுத்தான். போயிட்டா, ஓடிட்டான்னு சொல்றது அந்த வீட்டுக்குள்ள நிக்கிறவுக. நான் இங்கிட்டு வந்துல்ல நிக்கிறேன்.”

எனக்கு அந்தப் பழைய விளம்பரங்கள் நினைவுக்கு வந்தன. அடிமையாக வைத்திருந்த பெண் தப்பினால் எசமானர்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்கள். அதன் முதல் சொல்லே பெரும்பாலும் ‘ஓடிப்போனாள்’ என்பதுதான். பிறகு அவள் உயரம், உடை, தழும்பு. எசமானர் பணம் கொடுத்து அச்சிட்ட சொல்லை எடுத்து, அந்தப் பெண்கள் தங்கள் வாயால் சொல்வதாக நாற்பத்தேழு இடங்களில் நான் போட்டிருக்கிறேன்.

மல்லிகா அந்தப் பெண்களைப் பற்றிக் கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன்.

“வெலைக்கா வித்தாக? ஆளையா?”

“ஆமாக்கா.”

“புள்ளைகளையும்?”

“தனித்தனியா.”

குழம்புச் சட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “எம்புள்ளைய யாரும் விக்கல. நான் சம்பளத்துக்கு வந்தவ. அவுக வரிசையில என்னைய நிறுத்தாத. அவுக கதைய ஒழுங்காப் போடு.”

பிறகு எனக்குச் சோறு போட்டார். ஷேரி மீன், புளி தூக்கலாக. அந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் நம் ஊர்ச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும், “ஓம்போன்ல பேசுனாப் பதியுமா?” என்றார். பதினொரு நிமிடம் பேசினார். நூலுக்கு அல்ல, மகளுக்கு. அவர் பேசும்போது நானும் பாஸ்கரும் நடையில் நின்றோம். ஒலி பதிகிறதா என்று சரிபார்க்க முதல் பத்து வினாடி மட்டும் கேட்டேன். மிச்சத்தை இதுவரை தனியாக இருக்கும்போதுகூடக் கேட்டதில்லை.

மறுநாள் ஆலையின் மதிய இடைவேளையில் ஹேமாவைக் கூப்பிட்டேன்.

“அந்த வாக்குமூலம் வேண்டாம். அப்புறம், ‘ஓடிப்போனவள்’னு வர்ற எல்லா இடத்தையும் மாத்தணும்.”

“அடுத்த வாரம் அச்சுக்குடீ! எதா மாத்துவ?”

“வந்துட்டேன்னு.”

“யாரோ விருந்துக்கு வந்த மாதிரி இருக்கும்.”

“ஒரு இடத்துல வச்சுப் படிச்சுப் பாரு. சத்தமா.”

அவள் படித்தது கேட்டது. ஒரு பெண் ஆற்றின் மறுகரையில் நின்று பேசும் இடம். இன்னொரு முறையும் படித்தாள். “நாற்பத்தேழு இடத்தையும் நீயே மாத்து. நான் தொடமாட்டேன்” என்றாள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மாற்றவும் முடியவில்லை. விளம்பரங்களிலும் எசமானர்களின் வாயிலும் பழைய சொல்லே இருக்கட்டும் என்று விட்டேன், அது அவர்களுடையது.

ஊர் திரும்பிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மல்லிகாவின் தம்பியோடு, அவர் மகள் இருக்கும் விடுதிக்குப் போனேன். மகள் பார்வையாளர் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். தாயின் நெற்றி அப்படியே இருந்தது. “அம்மா பேசியிருக்காங்க” என்று கைப்பேசியைக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி பதினொரு நிமிடமும் கேட்டாள். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது என்னைச் சந்தேகமாகப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ரெண்டு மணி நேரம் நடந்துச்சாமே. கால்ல செருப்பு இருந்துச்சா?”

எத்தனையோ கேள்வி கேட்டவள் நான். இதைக் கேட்கவில்லை.

“தெரியலம்மா.”

“கேட்டுச் சொல்லுங்க” என்று எழுந்து போய்விட்டாள்.

இன்றைய நிலை: பாஸ்கர் மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டார், அடியும் இல்லை, சுவரும் இல்லை. மல்லிகா மீதான புகார் இன்னும் நீக்கப்படவில்லை. பாஸ்போர்ட்டோ அதற்குப் பதிலான அவுட்பாஸோ கைக்கு வரவில்லை. நூல் அவர் இல்லாமல் அச்சிலிருக்கிறது. மகள் இன்னும் அவரிடம் பேசவில்லை. அவள் கேட்ட கேள்வியை மல்லிகாவுக்கு அனுப்பினேன். பதில் வந்துவிட்டது, மல்லிகாவின் குரலில், நாற்பது வினாடி. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன்.